வால்வு ஆம்புடன் நான்கு ஆண்டுகள்

விற்பனைக்கு வந்த ஒரு பழைய வால்வு கிட்டார் ஆம்ப்பை (ஒலிபெருக்கியை) பார்க்கப் போன அன்று, கிட்டாருடன் ஒரு மரச் சாப்பாட்டுக் குச்சியையும் பையில் போட்டுக்கொண்டேன். உணவங்காடியில் மீ சாப்பிட எடுப்போமே, அதே குச்சிதான். சிங்கப்பூர் தெம்பனிஸில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறை. ஆம்பைச் சூடேறவிட்டு, வால்யூமைப் பாதிக்குத் திருப்பி, பின்புறத் திறப்பு வழியாக, ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகள் ஒவ்வொன்றையும் குச்சி முனையால் மெல்லத் தட்டினேன். நான்கு வால்வுகள் மந்தமாக ‘டொக்’ என்றன. கிட்டார் செருகும் துளைக்கு மிக அருகில் இருந்த ஐந்தாவது மட்டும் ஸ்பீக்கரில் வெண்கலக் கிண்ணம் போலக் கணீரென்றது. கண்ணாடிக்குள் பாகங்கள் தளர்ந்துவிட்டால், வால்வு வெளி அதிர்வைக்கூடச் சத்தமாக்கிவிடும்.

“இத்தனை வருடம் வாசித்தேன், இப்படித் தட்டிப் பார்த்ததே இல்லை தம்பி” என்றார் விற்ற அண்ணன். 520 வெள்ளி சொன்னவர் 480க்கு ஒப்புக்கொண்டார். அந்த வால்வை மாற்ற எனக்கு 40 வெள்ளி ஆனது.

15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், கிட்டாரின் மெல்லிய ஒலியை முதலில் பெருக்கும் முன்நிலையில் 12ஏஎக்ஸ்7 வகை வால்வுகள் மூன்று, ஸ்பீக்கரை இயக்கும் வெளியீட்டில் ஈஎல்84 வகை இரண்டு. ஏறக்குறைய 14 கிலோ. தாத்தா வீட்டு வால்வு ரேடியோவைப் போலவே சுவிட்சைப் போட்டதும் பாடாது. சில நொடிகள் காத்திருக்க வேண்டும். பிறகு விரல் சொல்வதையெல்லாம் கேட்கும். மெல்ல மீட்டினால் தெளிந்த நீர் மாதிரி ஒலிக்கும், அழுத்தி இழுத்தால் ஓரத்தில் லேசாகக் கரகரக்கும். ஒரு பொத்தானையும் தொடாமல் கையின் அழுத்தத்தாலேயே இந்த இரண்டுக்கும் நடுவே போய்வரலாம். முன்பு வைத்திருந்த டிரான்சிஸ்டர் ஆம்பில் இந்த இடைவெளி எனக்குக் கிடைத்ததே இல்லை.

அதற்கு முன் பார்த்த ஒன்றை மனமில்லாமல் விட்டுவந்தேன். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது, 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே நமக்கு 230 வோல்ட். அதனுடன் எந்நேரமும் ஒரு கனத்த மின்மாற்றியைச் சுமக்க வேண்டும்; யாராவது மறந்துபோய் நேராகச் சுவரில் செருகினால் கதை முடிந்தது. ஆம்பின் பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். என்னைப் போல ஈசூனிலிருந்து பிடோக் வரை போய்த் திரும்ப வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே ஏமாற்றம் தந்தது சத்த அளவுதான். 15 வாட் என்றால் சின்னது என்று நினைத்தேன். வால்யூம் மூன்றைத் தாண்டினால் புளோக் நடைபாதை முழுவதும் கேட்கிறது. வெளியீட்டு வால்வுகள் உழைத்துப் பாடும் அந்த இனிப்பான கட்டம் அதற்கும் மேலேதான் தொடங்குகிறது. வீட்டில் அதை நான் கேட்டதே இல்லை. வாடகை ஒத்திகை அறையில்தான் கேட்டேன். அன்று கை மயிர் சிலிர்த்துவிட்டது. அடுக்குமாடி வீட்டுக்கென்றே வாங்குபவர்கள் ஒற்றை ஈஎல்84 உள்ள 5 வாட் ஆம்பைத் தேடுவது நல்லது. அதுகூடச் சத்தம்தான், ஆனாலும் சமாளிக்கலாம்.

2022இல் வெளியீட்டு வால்வுகள் சோர்ந்தன. ஒலியில் உயிர் குறைந்தது. கிட்டார் வால்வுகள் இன்று பெரும்பாலும் ரஷ்யாவின் சரத்தோவ், சுலோவாக்கியா, சீனா ஆகிய இடங்களிலிருந்துதான் வருகின்றன. உக்ரேன் போர் தொடங்கி விலை ஏறியிருந்த நேரத்தில் என் ஆம்புக்கும் தேவை வந்தது. பொருத்தமான இணைக்கு 95 வெள்ளி கொடுத்தேன். நம் ஊர் ஈரப்பதமும் தன் பங்கைக் கேட்கும். வால்யூம் குமிழைத் திருப்பும்போதெல்லாம் ‘கரக் கரக்’ என்று வந்தது, மின்பாகங்களுக்கான துப்புரவுத் திரவம் இரண்டு சொட்டில் அடங்கியது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓடவிட்டு, நன்றாக ஆறிய பிறகே துணி உறை போடுகிறேன்.

மூன்றாம் ஆண்டில் கிட்டாரைச் செருகாமலே ‘ம்ம்ம்’ என்ற தாழ்ந்த முனகல் வந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் சுருதி அது. உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் வடிகட்டி மின்தேக்கிகளுக்கு வயதாகிவிட்டதன் அறிகுறி. இதைச் சொந்தமாகத் திறந்து பார்க்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம், ஆளைக் கொல்லப் போதுமானது. பழுதுபார்க்கும் அங்கிளிடம் கொடுத்தேன், 180 வெள்ளி. ஆக, 480க்கு வாங்கிய ஆம்புக்கு அந்த விலையையும் சேர்த்து இதுவரை 795 வெள்ளி செலவு. எனக்கு அதில் வருத்தமில்லை, ஆனால் வாங்கும்போதே அந்தக் கூடுதல் தொகையை நான் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

கழற்றிய மின்தேக்கிகளை அங்கிள் ஒரு சிறிய பையில் போட்டுத் திருப்பித் தந்தார். ஒன்றின் தலை உப்பி, ஓரத்தில் பழுப்புக் கசிவு காய்ந்திருந்தது. ‘பத்துப் பதினைந்து ஆண்டு பழைய ஆம்ப், ஒன்றுமே மாற்றியதில்லை, அப்படியே புதிதாக இருக்கிறது’ என்ற விளம்பரத்தைக் காட்டி யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதலில் அந்த உப்பிய மின்தேக்கியை எடுத்து அவர்கள் உள்ளங்கையில் வைக்கிறேன்.