உள்கண்ணாடி வியர்த்தது ஏன்? ஒன்றரை வருடம் ஓட்டிய கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர்

எங்கள் செல் கல்ச்சர் அறைக்கு, செல்கள் வளரச் சூடும் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் மாறாமல் வைத்திருக்கும் பெட்டியான இந்த இன்குபேட்டர் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. 170 லிட்டர், ஏர் ஜாக்கெட் (சுற்றிலும் சூடான காற்று), கார்பன் டை ஆக்சைடை அளக்க ஐ.ஆர். (அகச்சிவப்பு) சென்சார். வாங்க நினைக்கும் மற்ற லேப்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "உள்கண்ணாடி வியர்க்குதா?" என்றுதான். வெளிக்கதவுக்கு உள்ளே இருக்கும் கண்ணாடிக் கதவைத்தான் சொல்கிறார்கள். முதல் மூன்று மாதம் வியர்த்தது. இப்போது இல்லை. நடுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் கண்ணாடி காய்ந்திருக்கும். மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால் உள்ளே செல் வளரும் ஃபிளாஸ்க்கே தெரியாது. துளிகள் வழிந்து கீழ் விளிம்பில் சேர்ந்து, கேஸ்கெட் (கதவு ஓர ரப்பர்) மடிப்புக்குள் இறங்கித் தேங்கும். மூன்றாவது மாதம் அந்த மடிப்பைப் பஞ்சால் துடைத்தபோது கருப்புப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. பூஞ்சை. அந்த வாரம் நாலு ஃபிளாஸ்க்கைத் தூக்கிப் போட்டோம். அதில் இரண்டு, மாணவி ஒருத்தி ஐந்து வாரமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தவை.

உள்ளே ஈரத்துக்காக ஒரு தண்ணீர்த் தட்டு இருக்கும். சர்வீஸுக்கு வந்தவர், "தட்டுல தண்ணியைக் குறைச்சுப் பாருங்க மேடம்" என்றார். குறைத்தோம். கண்ணாடி காய்ந்தது. ஆனால் செல் வளர்க்கும் 96 குழித் தட்டில் ஓரக் குழிகளும் சேர்ந்து காய ஆரம்பித்தன. தயவுசெய்து இந்த யோசனையை யாரும் கேட்காதீர்கள். செல்லுக்கு அந்த ஈரம் வேண்டும்.

கோளாறு தண்ணீரில் இல்லை, கதவில் இருந்தது. உள்ளே 37 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்றால், அந்தக் காற்று ஏறக்குறைய 36 டிகிரியிலேயே நீராகப் படியத் தொடங்கிவிடும். கண்ணாடி ஒரு டிகிரி குளிர்ந்தாலே போதும். எங்கள் ஏ.சி. பகலில் 20-இல் ஓடும். காற்று நேராக இன்குபேட்டர் கதவில் அடித்துக்கொண்டிருந்தது. இரவில் ஏ.சி.யை நிறுத்திவிடுவோம், அதனால்தான் காலையில் கண்ணாடி காய்ந்திருந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது.

ஏ.சி.யின் இறக்கையை வேறு பக்கம் திருப்பி, 24-இல் வைத்தோம். அப்புறம், உள்கண்ணாடி குளிராமல் வைக்கும் வெளிக்கதவு ஹீட்டர். இந்த மாடலில் அதற்குத் தனி அளவு உண்டு, 1 முதல் 10 வரை. கம்பெனியிலிருந்து 4-இல் வந்தது. ஒரேயடியாக 8-க்கு ஏற்றினேன், அது தப்பு. கண்ணாடி பளிச்சென்று ஆனது, ஆனால் முன்வரிசையில் சூடு ஏறிவிட்டது. நடுத்தட்டில் தண்ணீர் பாட்டிலுக்குள் வைத்த தெர்மாமீட்டர் 37.6 காட்டியது, திரையிலோ 37.0. ஒவ்வொரு படியாக இறக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு முழு நாள் விட்டுப் பார்த்தேன். 6-இல் கண்ணாடியும் காய்ந்திருந்தது, பாட்டிலும் 37.1-இல் நின்றது. கதவு ஹீட்டரைத் தொட்டால் உள்வெப்பத்தைத் தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்த்தே ஆக வேண்டும். திரையை மட்டும் நம்பாதீர்கள்.

சரி, மற்றவை. ஐ.ஆர். சென்சார் அருமை. பழைய பெட்டியில் இருந்த டி.சி. (வாயுவின் வெப்பக் கடத்தலை வைத்து அளக்கும்) சென்சார், கதவைத் திறந்து ஈரம் குறைந்தாலே கார்பன் டை ஆக்சைடு அளவைத் தப்பாகக் காட்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை. 5 சதவீதத்துக்குச் சீக்கிரம் திரும்பிவிடுகிறது, அளவு குறைந்தால் நிறம் மாறும் மீடியம் (செல் வளரும் திரவம்) ரோஸ் நிறத்துக்குப் போவதில்லை. மூலைகள் வளைவாக இருப்பதால் துடைப்பதும் சுலபம். மின்தடைதான் பலவீனம். 40 நிமிடம் கரண்ட் போனபோது 34-க்கு இறங்கிவிட்டது. பழைய வாட்டர் ஜாக்கெட் (சுற்றிலும் தண்ணீர்) பெட்டி இதைவிட நன்றாகச் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. யு.பி.எஸ். இல்லாமல் இதை வாங்காதீர்கள்.

பெரிய குறை ஒன்று உண்டு. கதவு ஹீட்டர் அளவு சர்வீஸ் மெனுவுக்குள் பூட்டிக் கிடக்கிறது, அதைத் திறக்கும் எண் கையேட்டில் இல்லை. நான் நாலு முறை போன் செய்து வாங்கினேன். நீங்கள் பெட்டி வந்து இறங்கும் அன்றைக்கே கேட்டு வாங்கி, பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.