எதிரொலியும் வறட்சியும்: 1979இன் இரண்டு இசைத்தட்டுகள்

ஜாய் டிவிஷன் என்ற ஆங்கில ராக் குழுவின் ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ 1979 ஜூனிலும், கேங் ஆஃப் ஃபோர் என்ற இன்னொரு குழுவின் ‘என்டர்டெயின்மென்ட்!’ அதே ஆண்டு செப்டம்பரிலும் வெளிவந்தன. முன்னவர்கள் மான்செஸ்டர், சால்ஃபோர்டு வட்டாரத்தினர். பின்னவர்கள் லீட்ஸ் நகரில் உருவானவர்கள். இரண்டிலும் குரல், கிட்டார், பாஸ், டிரம்ஸ் என நால்வரே. பங்க் ராக் அலையைத் தொடர்ந்து எழுந்த போஸ்ட்-பங்க் இசை என்ற ஒரே அடுக்கில் கடைகள் இவற்றை வைத்தாலும், அடுத்தடுத்துக் கேட்பவருக்கு இவை ஒரு வீட்டுப் பிள்ளைகளாகத் தோன்றுவதில்லை.

ஜாய் டிவிஷன் மேடையில் முரட்டு வேகத்தில் வாசித்த குழு. ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் அந்த வேகத்தைக் கழற்றிவிட்டு, டிரம்ஸின் ஒலிகளைப் பிரித்துப் பதிவுசெய்து, ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கச்செய்யும் டிஜிட்டல் டிலே கருவியால் அவற்றைச் சுற்றி ஆளில்லாத கட்டடம் ஒன்றையே எழுப்பினார். கண்ணாடி உடையும் ஓசைகூட அதற்குள் கேட்கிறது. கிட்டார் கலைஞர் பெர்னார்ட் சம்னருக்கும் பாஸ் கலைஞர் பீட்டர் ஹுக்குக்கும் இது அன்று பிடிக்கவில்லை. நான் ஹானெட்டின் பக்கம். ஹுக்கின் பாஸ் தனியாகக் குறிப்பிட வேண்டியது: கிட்டாரின் இரைச்சலில் தன் வாசிப்பு தனக்கே கேட்காததால் அவர் உயர்ந்த சுரங்களுக்கு ஏறினார், அதனால் பல பாடல்களில் மெட்டைச் சுமப்பதே பாஸ்தான். பாடகர் இயான் கர்ட்டிஸ் 1980 மே மாதம் 23 வயதில் தற்கொலை செய்துகொண்டார். ஒவ்வொரு வரியையும் அந்த மரணத்தின் முன்னறிவிப்பாகக் கேட்கும் பழக்கம் இசைக்கு நியாயம் செய்வதில்லை. (அட்டையிலுள்ள, பல்சார் எனும் துடிக்கும் விண்மீனின் அலைக்கோடுகளைச் சட்டையில் அணிந்து திரிவோரில் எத்தனை பேர் இசைத்தட்டைக் கேட்டிருப்பார்கள் என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு.)

கேங் ஆஃப் ஃபோரிடம் எதிரொலி என்பதே இல்லை எனலாம். வால்வு ஆம்ப்ளிஃபையரின் இதமான ஒலியை வெறுத்த ஆண்டி கில், டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் வாசித்த கிட்டார் தகரத்தை வெட்டுவதுபோல் ஒலிக்கிறது. தனி ஆவர்த்தனம் வரவேண்டிய இடத்தில் அவர் பெரும்பாலும் வெற்றிடத்தையே விடுகிறார். அந்த வெற்றிடத்தை டேவ் ஆலனின் பாஸும் ஹியூகோ பர்ன்ஹாமின் டிரம்ஸும் கறுப்பின அமெரிக்க நடன இசையான ஃபங்க்கின் தாளத்தால் நிரப்புவதால், காதலும் ஓய்வுநேரமும் சரக்காகிவிட்டதைப் பற்றிய கசப்பான வரிகளுக்கும் கால்கள் ஆடத்தான் செய்கின்றன. இறுதிப் பாடலில் பாடகர் ஜான் கிங் பாடிக்கொண்டிருக்க, மறுபுறம் கில் காதல் பாட்டுகளைப் பற்றிச் சாவகாசமாக உரையாற்றுகிறார். கொள்கைப் பிடிவாதத்திலும் குறைவில்லை: ஆணுறையைக் குறிக்கும் ஒரு சொல்லை மாற்றச் சொன்னதற்காக, பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியை உதறிவிட்டு வெளியேறினார்கள். ஆயினும் 12 பாடல்களையும் ஒரே மூச்சில் கேட்கும்போது, பிற்பகுதியில் வகுப்பறை வாடை சற்று அடிக்கிறது.

கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் ‘என்டர்டெயின்மென்ட்!’ ஏதும் குறையாமல் நிற்கிறது. ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ அதில் பாதி உயிரை இழந்துவிடும், அதற்கு நல்ல ஹெட்போன் வேண்டும். கிட்டார் பழகுவோர் முதலில் கில்லிடம் போகலாம். நான் அடிக்கடி திரும்பிச் செல்வது ஹானெட்டின் அந்தக் காலிக் கட்டடத்துக்குத்தான்.