ஒரு மைக், மூன்று ரிக்: வீட்டில் செய்த மைக் சுவிட்சர் நீண்ட காலப் பயன்பாட்டில்

ஹாம் ரேடியோ மேசையில் ஐகாம், கென்வுட், யேசு என மூன்று கம்பெனிகளின் ரிக் (அனுப்பவும் பெறவும் செய்யும் ரேடியோ) இருந்தால் மைக் பிளக்கைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதில் 8 பின் சாக்கெட்தான் முதலில் தளரும். ஒரு 4 போல் 3 வே ரோட்டரி சுவிட்ச் (நான்கு ஒயர்களை ஒரே திருப்பில் மூன்று இடங்களில் ஒன்றுக்கு மாற்றுவது), ஓர் அலுமினியப் பெட்டி, மூன்று ஷீல்டு கேபிள் இருந்தால் இதற்கு முடிவு கட்டிவிடலாம். செய்த அன்று எந்தச் சுவிட்சரும் நன்றாகத்தான் வேலை செய்யும். பல வருடம் ஓடுமா என்பதை கிரவுண்டைப் பிரித்த விதமும், சுவிட்ச் காண்டாக்ட்டின் பூச்சும்தான் தீர்மானிக்கின்றன.

நான்கு போல் எதற்கு? மைக், மைக் கிரவுண்ட், பிடிடி (பேச அழுத்தும் பட்டனின் ஒயர்), பிடிடி கிரவுண்ட் நான்கையும் மாற்ற வேண்டும். கிரவுண்ட்தானே என்று மூன்றையும் பெட்டிக்குள் ஒன்றாக முறுக்கிப் பற்றவைத்தால், மூன்று ரிக்கின் பவர் சப்ளைகளுக்கும் இடையில் ஒரு வளையம் உருவாகி ஆடியோவில் ஹம் (மின் இணைப்பிலிருந்து வரும் ரீங்காரம்) ஏறும். பிடிடி மின்னோட்டத்தை மைக் கிரவுண்ட் ஒயரில் அனுப்பினால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 'டொப்' என்ற சத்தம் வெளியே போகும்.

பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மேலே சொன்ன அதே வரிசையில், 8 பின் வட்டச் சாக்கெட்டில் பொதுவாக ஐகாமுக்கு 1, 7, 5, 6. கென்வுடுக்கு 1, 7, 2, 8. யேசுவுக்கு 8, 7, 6, 5. மாடலின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்த பிறகே பற்றவைக்க வேண்டும். கென்வுடில் பிடிடியாக இருக்கும் பின் 2, ஐகாமில் 8 வோல்ட் சப்ளை. கேபிள் மாறினால், பிடிடியை அழுத்தியதும் அந்த 8 வோல்ட் போகக்கூடாத பின்னுக்குப் போகும். பிளக்கை முன்பக்கம் பார்ப்பதும் பின்பக்கம் பார்ப்பதும் கண்ணாடி பிம்பம் போல இடம் மாறும் என்பதால், பிளக்கில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பலாம். ரிக்கில் மாட்டும் முன் மல்டிமீட்டரில் ஒவ்வொரு பின்னையும் சோதிப்பது கட்டாயம்.

மைக்கில் உள்ள, அதிர்வெண்ணை ஏற்றி இறக்கும் அப் டவுன் பட்டன்களை விட்டுவிடுவதே நல்லது. கென்வுடில் அதற்கு இரண்டு ஒயர். ஐகாமில் ஒரே ஒயர், ரெசிஸ்டர் மதிப்பை வைத்து அப் பட்டனா டவுன் பட்டனா என்று ரிக் கண்டுபிடிக்கிறது. ரோட்டரி சுவிட்ச் அதைச் சரிசெய்யாது.

ஐகாமின் மைக் பின்னில் எலக்ட்ரெட் மைக்குக்கான (மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும் வகை) டிசி வோல்டேஜ் இருக்கும். டைனமிக் மைக் (மின்சாரம் தேவைப்படாத வகை) பயன்படுத்தினால் அந்த ஒயரில் மட்டும் 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடரில் போட வேண்டும், பிளஸ் முனை ரிக் பக்கம். அதோடு நின்றால் சுவிட்சைத் திருப்பும்போதெல்லாம் படபடவென்று சத்தம் வரும். கெப்பாசிட்டரின் சுவிட்ச் பக்கத்திலிருந்து மைக் கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் அது அடங்கிவிடும். டைனமிக் மைக்கின் சிக்னல் பல ஐகாம் ரிக்குகளுக்குக் குறைவு. மைக் கெயினைக் கூட்ட வேண்டியிருக்கும்.

இனி சுவிட்ச். மைக் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். வெள்ளிக் காண்டாக்ட்டில் நாளடைவில் படியும் கறுப்புப் படலத்தை உடைத்துப் பாய அந்த அளவு போதாது. குரல் மெலியும், விட்டுவிட்டு வரும், குமிழை இரண்டு முறை திருகினால் சரியாகிவிடும். சில வாரத்தில் மறுபடியும் அதே கதை. மைக்கையோ ரிக்கையோ சந்தேகித்து நேரம் வீணாவது இங்கேதான். கிளீனர் தெளிப்பது தற்காலிகமே. தங்கப்பூச்சுக் காண்டாக்ட் உள்ள சுவிட்சை முதலிலேயே வாங்குவது நல்லது. ரிலேயில் கட்டினாலும் சிறிய சிக்னல் ரிலேதான், பவர் ரிலே வேண்டாம். பழைய ரிக் ஏதாவது பிடிடி ஒயரில் நேரடியாக ரிலே காயிலை இயக்கினால் அந்த மின்பொறி தங்கப்பூச்சைத் தின்றுவிடும். அந்த ரிக்குக்கு மட்டும் இடையில் தனி ரிலேயும், காயில்களுக்குக் குறுக்கே 1என்4007 டையோடும் வேண்டும்.

சுவிட்ச் ஒன்றை விட்டபிறகே அடுத்ததைத் தொடும் வகையாக இருக்கட்டும். அப்படி இருந்தாலும் பிடிடியை அழுத்தியபடி குமிழைத் திருப்பினால் அடுத்த ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போய்விடும். அதில் ஆன்டெனா இல்லையென்றால் ஃபைனல் (கடைசிக் கட்ட பவர்) டிரான்சிஸ்டர்களுக்கு ஆபத்து. மூன்று ரிக்கிலும் வாக்ஸை (குரல் கேட்டதும் தானே டிரான்ஸ்மிட்டுக்குப் போகும் வசதி) அணைத்து வைக்க வேண்டும்.

ஆர்எஃப் (ரேடியோ அலை) தொல்லைக்கு: கேபிள் ஷீல்டை ரிக் பக்கம் பிளக்கின் உலோக உடலோடு சேர்க்கலாம். பெட்டிப் பக்கம் நேரடியாக வேண்டாம், 10 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக. அது 50 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 318 கிலோ ஓம், 7 மெகா ஹெர்ட்ஸுக்கு 2.3 ஓம், ஹம்மை நிறுத்தி ஆர்எஃப்பை மட்டும் பெட்டிக்கு இறக்கும். மைக் சாக்கெட்டிலேயே, கால்களை ஒட்ட நறுக்கி, 1 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. ஃபெரைட் வளையத்தில் கேபிளை ஒரே முறை நுழைப்பதால் எச்எஃப்பில் (சிற்றலை அதிர்வெண்களில்) பெரிய பலனில்லை, ஐந்தாறு சுற்றாவது சுற்ற வேண்டும்.

கோளாறு வந்தால் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் சுமை) 10 வாட்டில் தொடங்கி, இன்னொரு ரிசீவரில் கேட்டபடி பவரை ஏற்றிப் பார்க்கலாம். பவரோடு சேர்ந்து கரகரப்பு கூடினால் ஆர்எஃப். பவர் எதுவானாலும் ஒரே சீரான ஹம் என்றால் கிரவுண்ட் வளையம்; ரிக்குகளின் சேசிஸை (உலோகக் கூட்டை) குட்டையான, அகலமான செம்புப் பட்டையால் ஒன்றிணைத்தால் பெரும்பாலும் போய்விடும். அதற்கும் அடங்காத ரிக்கின் மைக் ஒயரில் 600க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போடலாம்.