காக்கி புக்கிட்டில் இரண்டு மணி நேரம், ஒரே ஒரு செல்லோ

அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் ஏழு நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறான். சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் உச்சியில் முகமூடிக்காரன் மழையில் நிற்கிறான், கிட்டத்தட்ட அவ்வளவுதான் கதை. "சித்தப்பா, பேட்மேன் மாதிரி இருட்டா இசை வேணும்" என்றான். மூன்று வாரம் கணினியில் சாம்பிள் வாத்தியங்களை, அதாவது முன்பே பதிவு செய்து வைத்த வாத்திய ஒலிகளை, அடுக்கினேன், பித்தளை ஊதுகருவிகள், முரசு, கோரஸ் என்று ஒன்றையும் விடவில்லை, கடைசியில் கேட்டால் தேசிய தின அணிவகுப்பு மாதிரி இருந்தது.

அப்புறம்தான் வயலினைவிடப் பெரிதாக, வில்லால் வாசிக்கும் செல்லோ ஒன்றையாவது நேரில் வாசிக்க வைத்துப் பதிவு செய்வோம் என்று காக்கி புக்கிட் தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில் இருக்கும் ஸ்டூடியோவைப் பிடித்தேன். பெயரைப் போடவில்லை, போனவர்களுக்குத் தெரியும். மணிக்கு 70 வெள்ளி, வாசிப்பவரையும் அவர்களே ஏற்பாடு செய்தார்கள், அதற்குத் தனிக் காசு.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சவுண்ட் இன்ஜினியர் வேலை தெரிந்தவர். தாளம் நிமிடத்துக்கு 72 அடி என்று வைத்திருந்தேன். வினாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் ஓர் அடிக்குச் சரியாக 20 பிரேம். முகமூடியைக் கழற்றும் ஷாட் 1 நிமிடம் 40 வினாடியில் வருவதால் 31ஆவது பாரின் (நான்கு அடி ஒரு பார்) முதல் அடியில் கச்சிதமாக விழ வேண்டும். நான் விளக்க ஆரம்பிக்கும் முன்பே தாளத்தைத் தட்டிக் காட்டும் கிளிக் ட்ராக்கைப் போட்டுவிட்டார்.

வாசிக்க வந்த பெண் என் தாளைப் பார்த்துச் சிரித்தார். செல்லோவின் ஆகத் தாழ்ந்த சுரமான 'சி'யைச் சுருதி மாதிரி எட்டு பார் சேர்த்து எழுதியிருந்தேன். அந்தத் தாளத்தில் அது கிட்டத்தட்ட 27 வினாடி. சாம்பிள் அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போகும், வில்லுக்கு நீளம் உண்டே! எங்கே வில்லைத் திருப்புவது என்று ஒரு குறிகூட நான் போடவில்லை. ஆனால் அவர் திருப்பிய இடங்களில் வந்த அந்தச் சின்ன உரசல்தான் முகமூடிக்காரன் மூச்சு விடுவது போல இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

மேலே சுபபந்துவராளி ராகச் சாயலில் நீளமாக ஒரு மெட்டும் வைத்திருந்தேன். சோகம் வந்தது, இருட்டு வரவில்லை. மெட்டைத் தூக்கிவிட்டு ஸட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபத்துக்கு மெல்ல வழுக்கி ஏறி இறங்குவதை மட்டும், வில்லைத் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு ஒட்டினாற்போல் வைத்து வாசிக்கச் சொன்னேன். சிலிர்த்துவிட்டது. 2019இல் வந்த ஜோக்கர் படத்துக்கு இசையமைப்பாளர் ஹில்டுர் குத்னாடோட்டிர் செல்லோவை நடுவில் வைத்துத்தான் எழுதி ஆஸ்கர் வாங்கினார். படித்த விஷயம்தான், காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. பிறகு அதே வரியை நாற்காலியை நகர்த்தி நகர்த்தி நான்கு முறை எடுத்து, வீட்டில் சாம்பிள் கூட்டத்தின் மேல் போட்டேன். கூட்டத்துக்கே உயிர் வந்துவிட்டது. பித்தளையில் பாதியை அழித்தேன்.

இப்போது குறை. ஏர்கான் இரைச்சல் மைக்கில் விழுகிறது என்று வாசிக்கும்போதெல்லாம் அணைத்துவிடுகிறார்கள், நம்ம ஊர் வெக்கையில் பாவம் அந்தப் பெண். கீழே லாரி ரிவர்ஸ் எடுக்கும் 'பீப் பீப்' நல்ல இரண்டு டேக்கைக் கெடுத்தது. மைக் வைத்த 25 நிமிடத்தையும் வாடகையில் சேர்த்தார்கள், அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். இரண்டு நாளில் தருவதாகச் சொன்ன கோப்புகள் ஐந்தாம் நாள்தான் வந்தன.

ஐந்துக்கு மூன்றரை. போகிறவர்கள் ஞாயிறு காலை நேரம் கேளுங்கள், லாரி வராதாம். கீழே இருக்கும் கோப்பிக் கடையும் அன்றைக்கு மூடியிருக்கும், தே ஓ (பால் இல்லாத தேநீர்) வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.