மேட்சிங் பிட், லைனிங் எங்கே வாங்கலாம்: பெரிய கடையா, தெருமுனைக் கடையா, ஆன்லைனா?

வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர்களுக்கு மதுரையில் துணி எடுக்க மூன்று வழி உண்டு. விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கத்துப் பெரிய கடைகள், அவரவர் ஏரியாவில் இருக்கும் சின்ன மேட்சிங் சென்டர், ஆன்லைன். மூன்றிலும் வாங்கிப் பார்த்துவிட்டு, லைனிங், ரூபியா பிட் (பிளவுஸ் தைக்கும் துணித் துண்டு), ஃபால்ஸ் (சேலையின் கீழ் ஓரத்தில் உள்பக்கம் தைக்கும் பட்டை), நூல் எல்லாவற்றுக்கும் பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடை என்று முடிவு செய்துவிட்டேன்.

விலையில் விளக்குத்தூண்தான் குறைவு. அதில் பேச ஒன்றுமில்லை. கல்யாண வீட்டுக்கு ஒரே நிறத்தில் நிறைய பிளவுஸ் என்று ஆர்டர் வந்தால் நானும் அங்கேதான் போவேன். மொத்தத்தையும் ஒரே தானில், அதாவது ஒரே துணிச் சுருளில், வெட்டித் தரச் சொல்லி வாங்க வேண்டும். ஷேடு நம்பர் ஒன்றாக இருந்தாலும் அடுத்த முறை சாயம் போட்ட தான் கொஞ்சம் மாறித்தான் வரும். மற்றபடி அரை மீட்டருக்கும் முக்கால் மீட்டருக்கும் பஸ் ஏறிப் போனால் மிச்சமாவது பஸ்ஸுக்கே போய்விடும். சித்திரைத் தேரோட்டம் மாசி வீதிகளைச் சுற்றி வரும் நாளில் அந்தப் பக்கம் தலைகாட்டவே முடியாது.

ஆன்லைனில் லேஸ், குஞ்சம், ஃபேன்ஸி பட்டன் வாங்கலாம், நன்றாகவே கிடைக்கிறது. மேட்சிங்குக்கு ஆகாது. போனில் தெரிகிற நிறம் ஒன்று, கவரைப் பிரித்தால் வருகிற நிறம் ஒன்று. முழுத் தானாக ஆன்லைனில் நான் எடுத்ததில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்லமாட்டேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது லைனிங். பார்க்கச் சாதாரணத் துணி, விலையும் குறைவு. ஆனால் பிளவுஸ் கெட்டுப்போவது பெரும்பாலும் அதனால்தான். மேலே சில்க் காட்டன், உள்ளே காட்டன் லைனிங் என்று தைக்கிறோம். முதல் சலவையில் லைனிங் சுருங்கினால் மேல்துணி அங்கங்கே உப்பி நிற்கும், கைச்சுற்று பிடிக்கும். சாயம் விட்டால் இன்னும் மோசம். நம்ம ஊர் வெயிலில் அக்குள் வியர்வை பட்டே மெரூன், கரும்பச்சை எல்லாம் மேல்துணிக்கு ஏறிவிடும். அப்போது பிளவுஸ் தைக்கக் கொடுத்த அம்மா துணிக்கடைக்குப் போய்ச் சண்டை போடமாட்டார். தைத்தவள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்.

சுருங்குவதற்கு வழி நம் கையிலேயே இருக்கிறது. வெட்டும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, அயர்ன் செய்துவிட வேண்டும். ஃபால்ஸுக்கும் இதையே செய்ய வேண்டும். சாயம் அப்படி இல்லை. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால் ஒட்டுகிறதா என்று ஓரளவு தெரியும், முழுதாகத் தெரியாது. சில துணி இரண்டாவது, மூன்றாவது சலவையில்தான் குணத்தைக் காட்டும்.

எங்கள் கடை அண்ணாச்சி இதில்தான் உதவுகிறார். “அந்த மெரூன் விடுதும்மா, எடுக்காத. புதுச் சரக்கு வரட்டும்” என்று அவரே சொல்லிவிடுவார். கையில் இருக்கும் சரக்கை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரர் அவர். அவருக்கு எப்படித் தெரியும்? சுற்றுவட்டாரத் தையல்காரர்கள் எல்லாரும் அவரிடம்தான் வாங்குகிறோம். ஒருத்தி தைத்தது சாயம் விட்டால் அடுத்த வாரமே அவர் காதுக்குப் போய்விடும், அந்தத் தான் உள்ளே போய்விடும். பெரிய கடையில் துணி கிழித்துத் தரும் பையனைக் குறை சொல்ல முடியாது. இன்று அவன் விற்ற துணி மூன்றாவது சலவையில் என்ன ஆனது என்று அவனிடம் வந்து சொல்ல ஆளே இல்லை. நாங்கள் திரும்பத் திரும்ப ஒரே கடைக்குப் போவதால்தான் அந்தக் கடைக்கு இந்த விவரம் சேர்கிறது. மீட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது எனக்கு இதற்காகத்தான்.

இன்னொன்று, நிறம் பார்ப்பது. டியூப்லைட்டில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு துணி வெயிலில் வேறு வேறாகத் தெரியும். அண்ணாச்சி சேலையையும் பிட்டையும் எடுத்துக்கொண்டு தானே வாசலுக்கு வந்துவிடுவார். பெரிய கடையில் மாடியிலிருந்து வெட்டாத தானைத் தெருவுக்குக் கொண்டுவரச் சொன்னால் நடக்குமா? நூலிலும் அவர் கவனம் உண்டு. மெல்லிய துணிக்கு டிக்கெட் நம்பர் கூடின நூலைத் தருவார். நம்பர் கூடக்கூட நூல் மெலிசு.

குறையும் இருக்கிறது. பேஸ்டல் நிறங்கள் அங்கே அதிகம் கிடைக்காது. ப்ரொகேட் நாலைந்து தினுசுதான். மதியம் கடை சாத்திவிடுவார். கேட்டால்தான் பில். தீபாவளிக்கு முந்தின வாரம் அவராலும் நிதானமாகப் பார்த்துத் தர முடியாது, அதனால் லைனிங் எல்லாம் புரட்டாசியிலேயே எடுத்து வைத்துவிடுகிறேன்.

தையல் மெஷினுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. என்னிடம் இருப்பது மோட்டார் மாட்டிய பழைய மாடல். பெல்ட், பாபின் கேஸ், ஊசி எல்லாம் அதே கடையில் கிடைக்கிறது, ஷட்டிலில் கோளாறு என்றால் அண்ணாச்சி சொல்லிவிடும் மெக்கானிக் வீட்டுக்கே வருகிறார். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினில் நான் வேலை செய்ததில்லை. அதை வாங்குகிறவர்கள் கம்பெனி சர்வீஸ் மதுரையிலேயே இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.