தெர்மல் பிரிண்டரில் படம்: டிதரிங்கோடு சில வருடப் பழக்கம்

58 மி.மீ. ரசீதுத் தாளில் படங்கள் அச்சிடுவதைச் சில வருடங்களாக விடாமல் செய்துவருகிறேன். தெர்மல் பிரிண்டருக்குச் சாம்பல் நிறம் கிடையாது. ஒரு புள்ளி கருக்கும், இல்லையென்றால் வெள்ளையாகவே இருக்கும். கருப்புப் புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் தூவி, சாம்பல் இருப்பதாகக் கண்ணை நம்ப வைப்பது முழுக்க மென்பொருளின் வேலை. இதற்குப் பெயர்தான் டிதரிங்.

பைத்தான் நிரல்மொழியின் பட நூலகமான பில்லோவில் படத்தை ஒரு பிட்டுக்கு, அதாவது வெறும் கருப்பு வெள்ளைக்கு, மாற்றினால், நாம் எதுவும் சொல்லாமலேயே ஃபிளாய்ட்-ஸ்டைன்பெர்க் முறை வந்துவிடும். 1976இல் வெளியான முறை இது. ஒரு பிக்சலைக் கருப்பாகவோ வெள்ளையாகவோ முடிவு செய்ததும், மிஞ்சிய வித்தியாசத்தை 16 பங்காக்கி, வலப்பக்கத்துக்கு 7, கீழ் இடப்பக்கத்துக்கு 3, நேர் கீழே 5, கீழ் வலப்பக்கத்துக்கு 1 என்று கொடுத்துவிடும். திரையில் அழகாகவே இருக்கிறது. ஆனால் தெர்மல் தாளில் சூடு பரவி ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் பெருத்துவிடுகிறது. தலைமுடி, நிழல் எல்லாம் அப்பிக்கொண்டு ஒரே கருப்பாகிவிடும். டிதர் செய்வதற்கு முன்பே காமாவை (நடுத்தர வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவு) கூட்டி நடுத்தர நிறங்களை வெளுக்க வைத்தால்தான் சரியாகும்.

முகங்களுக்கு என் தேர்வு அட்கின்சன் முறை. ஆப்பிளில் பில் அட்கின்சன் உருவாக்கியது. ஆறு பிக்சல்களுக்குத் தலா எட்டில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு, மீதிக் கால் பங்கை அப்படியே விட்டுவிடுகிறது. அதனால் வெளிச்சம் சுத்தமான வெள்ளையாகவும் இருட்டு முழுக் கருப்பாகவும் நிற்கும். கண்ணும் புன்னகையும் தெளிவாகத் தெரியும். பில்லோவில் இது இல்லை, நாமே எழுதிக்கொள்ள வேண்டும். சின்ன நிரல்தான், எழுதத் தயங்க வேண்டாம். வானம், மேகம் போல மெல்ல நிறம் மாறும் படங்களுக்கு மட்டும் நான் ஃபிளாய்டுக்கே திரும்புகிறேன். அங்கே அட்கின்சன் மேகத்தையே விழுங்கிவிடும்.

ஒவ்வொரு பிக்சலையும் ஒரு நிலையான எண் கட்டத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்யும் பேயர் முறையைத் தாளில் நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஆனால் மின்நூல் கருவிகளில் இருக்கும் இ-இங்க் திரைக்கு அதுதான் சரி. ஒவ்வொரு பிக்சலும் தனித்தனியாக முடிவாவதால், படத்தில் ஒரு மூலை மாறினால் மற்ற இடத்துப் புள்ளிகள் அசையாது.

எந்த முறையை எடுத்தாலும் வரிசை முக்கியம். 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளிகள்) கொண்ட 58 மி.மீ. பிரிண்டரில் பொதுவாக அகலத்துக்கு 384 புள்ளிகள். முதலில் படத்தை அந்த அகலத்துக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் கூர்மையாக்கி, கடைசியாகத்தான் டிதர் செய்ய வேண்டும். அப்புறம் அளவை மாற்றினால் கோடு கோடாக விழும். ஜேபெக் வேண்டவே வேண்டாம், பிஎன்ஜி போதும்.

தமிழ் எழுத்து சேர்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: எழுத்தைப் படத்தோடு சேர்த்து டிதர் செய்தால் ஓரத்துச் சாம்பல் சிதறி, சிறிய அளவில் மெய்யெழுத்தின் புள்ளியே காணாமல் போகும். படத்தை மட்டும் டிதர் செய்து முடித்து, எழுத்தை அதன்மேல் முழுக் கருப்பில் வையுங்கள்.

மூலப் படத்தைச் சாம்பல் நிறத்திலேயே பத்திரப்படுத்துகிறேன். 80 மி.மீ. பிரிண்டர் என்றால் பெரும்பாலும் 576 புள்ளிகள். அதற்கு மறுபடி முதலிலிருந்துதான் டிதர் செய்ய வேண்டும்.