மூட்டுத்தேய்மான வலியை எலியில் அளக்க: வான் ஃப்ரே இழையா, எடைத் தட்டா?

எலியின் முழங்காலுக்குள் மோனோசோடியம் அயோடோஅசிடேட் என்ற வேதிப்பொருளை ஊசி போட்டால் குருத்தெலும்புச் செல்கள் சர்க்கரையை எரிக்க முடியாமல் செத்துப்போகும். முதல் வாரம் அழற்சி தூக்கலாக இருக்கும். அப்புறம் அது தணிந்து, மூட்டின் சேதமே முன்னுக்கு வரும். நோயை வரவழைக்கும் வேலை அவ்வளவுதான். வாய் பேசாத விலங்குக்கு வலிக்கிறதா, மருந்து கொடுத்ததும் குறைந்ததா என்று எதை வைத்துச் சொல்வது என்பதுதான் சிக்கல். இதற்கு எங்கள் ஆய்வகம் இன்கப்பாசிடன்ஸ் மீட்டரை, அதாவது எடைத் தட்டை, முதன்மை அளவீடாக வைத்துக்கொண்டது. உள்ளங்காலில் அழுத்திப் பார்க்கும் வான் ஃப்ரே இழை இரண்டாவது. ஏன் என்று சொல்கிறேன்.

விலையில் இழைதான் மலிவு. கம்பி வலைத் தரையில் எலியை விட்டு, அடியிலிருந்து உள்ளங்காலில் நைலான் இழையை அது வளையும்வரை அழுத்த வேண்டும். காலை இழுத்துக்கொண்டால் அடுத்து மெல்லிய இழை, இழுக்காவிட்டால் தடித்தது. இழை வளையும்போது தரும் அழுத்தத்தைக் கிராமில் சொல்வார்கள்; பெரும்பாலும் 2 கிராமில் தொடங்கி 15 கிராமில் நிறுத்துவார்கள். எடைத் தட்டில் எலி சாய்வான பெட்டிக்குள் நிமிர்ந்து உட்காரும். இரண்டு பின்னங்கால்களும் தனித்தனி உணரிகள்மேல் இருக்கும். நோயில்லாத எலி எடையைப் பாதிப்பாதியாகப் போடும். முழங்கால் வலித்தால் அந்தப் பக்கத்தின் பங்கு குறையும்.

எங்கே வலி என்பதிலும் வித்தியாசம் உண்டு. நோய் இருப்பது முழங்காலில், இழை தொடுவது உள்ளங்காலில். அங்கே கூடும் கூருணர்ச்சி, அதாவது லேசாகத் தொட்டாலே காலை இழுப்பது, தண்டுவடத்தில் வலிப்பாதைகள் உசுப்பப்பட்டிருப்பதற்கு அடையாளம். அது முக்கியமான தகவல்தான். ஆனால் நோயாளி சொல்வது "நிற்க முடியவில்லை, நடக்க முடியவில்லை" என்பது. தட்டு அதற்கு நெருக்கமாக இருக்கிறது.

இருந்தாலும் எனக்கு முடிவைத் தீர்மானித்தது இது இல்லை. அளப்பவர் மாறினால் எண் மாறுமா என்பதுதான். இழையை எவ்வளவு வேகமாக வளைக்கிறோம், பாதத்தில் எந்த இடத்தில் வைக்கிறோம், எலி காலைத் தூக்கியது வலியாலா அல்லது நடக்கக் கிளம்பியதாலா என்பதெல்லாம் அளப்பவரின் தீர்ப்பு. ஒரு தொடர் பரிசோதனை மாதக்கணக்கில் ஓடும். நடுவில் ஒரு மாணவர் ஆய்வேடு முடித்துப் போய்விடுவார், இன்னொருவர் வருவார். அன்றிலிருந்து வாசல் அளவு, அதாவது எலி காலை இழுக்கத் தொடங்கும் அழுத்தம், இறங்கினால் நோய் முற்றியதா, கை மாறியதா? பிரித்துச் சொல்லவே முடியாது. நைலான் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் மழைக்காலத்தில் இழையின் விறைப்பே மாறும். அவ்வப்போது தராசில் அழுத்திச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

தட்டில் எண்ணைத் தருவது கருவி. மனிதரின் வேலை எலியை நேராக உட்கார வைப்பது, பாதம் தட்டைவிட்டு நழுவாமல் பார்ப்பது, சில வினாடிச் சராசரிகளை மூன்று முறை எடுப்பது. இதிலும் பழக்கம் வேண்டும், எலியையும் முன்கூட்டியே பெட்டிக்குப் பழக்க வேண்டும். ஆனால் புதிதாக வருபவருக்குச் சீக்கிரம் கைவந்துவிடுகிறது. மருந்தால் மயங்கிய எலி இழைக்குக் காலைத் தூக்காமல் இருந்தால் வலி குறைந்தது போலவே தெரியும். தட்டில் வெறும் மயக்கம் மட்டும் இரண்டு காலையும் சமமாக்கிவிடுவது கடினம்.

அளப்பவரின் பாதிப்பு தட்டிலும் முழுக்கப் போகாது. ஆண்களின் வாசனை, அவர்கள் அணிந்த சட்டைகூட, எலிகளுக்கு மன அழுத்தத்தைக் கூட்டி வலி நடத்தையைக் குறைக்கிறது என்று 2014இல் மான்ட்ரியல் ஆய்வொன்று காட்டியது. அதனால் எந்தக் கருவியானாலும் ஒரே ஆள் அளப்பதும், எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்று அவருக்குத் தெரியாமல் வைப்பதும் கட்டாயம்.

தட்டு தோற்கும் இடங்களும் உண்டு. இரண்டு முழங்காலிலும் நோய் இருந்தால் ஒப்பிட நல்ல கால் இல்லை. எலி எடையை முன்னங்கால்களுக்குத் தள்ளினாலும் தட்டுக்குத் தெரியாது. சுண்டெலியில் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். அவை பெட்டிக்குள் அடங்கி உட்காருவதில்லை. முழங்காலுக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸின் பிணைப்பை வெட்டி நோயை வரவழைக்கும் அறுவை மாதிரியில் பாதக் கூருணர்ச்சி சில வாரங்களிலேயே தெரிகிறது, எடை மாற்றமோ தாமதமாகவே வருகிறது. அங்கே இழையை முதன்மையாக வைப்பவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

இரண்டையும் ஒரே நாளில் எடுப்பதானால் தட்டை முதலில் வையுங்கள், இழையைப் பிறகு. பாதத்தைச் சீண்டிய பிறகு எலி பழையபடி உட்காருவதில்லை.